காணவில்லை புகாரும் கண்காணிப்புக் கதைகளும்: பால்புதுமையினருக்கு 'டிஸ்டோபியா' ஏன் வெறும் கற்பனை இல்லை?

திருச்சி கே.கே. நகரில் 22 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், யாரையும் குறிப்பிடவில்லை. வேலைக்குப் போகிறார், சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகிறது, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கோ கூடப் படித்த தோழி மேல்தான் காதல். ஒருநாள் காலை ஒற்றைப் பையோடு கிளம்பி, டவுன் பஸ் பிடித்துப் பஞ்சப்பூர் பேருந்து முனையம் போய், சென்னை பஸ்ஸில் ஏறிவிடுகிறார்.

மாலைக்குள் அப்பா காவல் நிலையத்தில் இருப்பார். "பொண்ணைக் காணோம் சார்." அதற்குப் பிறகு அவரைத் தேட என்னென்ன வசதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பேருந்து முனையத்து சிசிடிவி. போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்ற தகவல். யாரோடு அதிகம் பேசினார் என்று சொல்லும் அழைப்புப் பட்டியல். வழியில் டீ குடித்துவிட்டு யுபிஐ-யில் பணம் கட்டிய கடை. சென்னை ஹாஸ்டலில் கொடுத்த ஆதார் நகல். இதெல்லாம்கூட வேண்டாம், தோழியின் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் போய் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தப் பெண் மேஜர். எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் ஒரு குற்றவாளியைத் தேடப் பயன்படும் அத்தனை கருவியும் அவர் பின்னால் வரும். இதை ஒரு நாவலில் எழுதினால் 'டிஸ்டோபியா' என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் மிஸ்ஸிங் கேஸ்.

குயர் டிஸ்டோபியா என்றால்?

டிஸ்டோபியா என்பது எதிர்காலத்தைக் கெட்ட கனவாகக் காட்டும் கதை. அரசோ கம்பெனியோ எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கும். மேல்தட்டு கோட்டைக்குள் இருக்கும், மற்றவர்கள் வெளியே. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949) எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். அந்த உலகத்தில் பால்புதுமையினரை, அதாவது குயர் மனிதர்களை, நடுவில் வைத்து எழுதும் கதைகளைத்தான் இப்போது குயர் டிஸ்டோபியா என்கிறார்கள்.

இந்த வகை திடீரென்று முளைத்தது போலத் தெரியும். அப்படி இல்லை. மனிதர்கள் தனித்தனி அறைகளில் அடைந்து, திரை வழியாக மட்டுமே பேசிக்கொள்ளும் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' கதையை இ.எம். ஃபார்ஸ்டர் எழுதியது 1909-இல். அவர் தன்பாலீர்ப்பாளர். ஆண்கள் இருவரின் காதலைச் சொல்லும் தன் 'மாரிஸ்' நாவலை 1913-14 வாக்கில் எழுதி, உயிரோடு இருக்கும்வரை வெளியிடாமலே வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 1971-இல்தான் அது புத்தகமானது. வெளியே தெரிந்தால் ஜெயில் என்ற நாட்டில் வாழ்ந்த ஒருவருக்கு, தூரத்திலிருந்து எல்லாவற்றையும் நடத்தும் இயந்திரத்தைக் கற்பனை செய்வது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நம் பக்கத்திலும் இருக்கிறது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023) ஆங்கில அறிவியல்-மிகுபுனைவு உலகின் பெரிய விருதான நெபுலாவை வென்றது. நாயகனுக்கு ஒரு காதலன் இருக்கிறான். ஆனால், கதையின் நெருக்கடி அந்தக் காதல் இல்லை. இனம், சாதி என்று காகிதத்தில் பிரித்து, முகாமில் அடைக்கும் ஒரு நகரம்தான் நெருக்கடி. பெங்களூருவின் லாவண்யா லட்சுமிநாராயணன் 'அனலாக்/வர்ச்சுவல்' (2020) நூலில் பெங்களூருவையே ஒரு கம்பெனி நடத்தும் நகரமாக்கிவிடுகிறார். உற்பத்தித்திறனில் கடைசி பத்து சதவீதத்துக்குப் போனால் நகரத்தைவிட்டே வெளியே. அப்ரைசல் மாதத்தில் படிக்க வேண்டாம், தூக்கம் வராது.

இவற்றை எல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது மஞ்சுளா பத்மநாபனின் 'ஹார்வெஸ்ட்' என்ற 1997 நாடகம். பம்பாயில் ஒற்றை அறை வீடு. வேலையில்லாத ஓம், ஒரு வெளிநாட்டுப் பணக்காரருக்குத் தன் உறுப்புகளைத் தர ஒப்பந்தம் போடுகிறான். பதிலுக்குச் சாப்பாடு, டாய்லெட், வசதி எல்லாம் வீட்டுக்கே வருகிறது. கூடவே அந்த அறையில் ஒரு கருவியும் மாட்டப்படுகிறது. வாங்குபவர் எப்போது வேண்டுமானாலும் அதன் வழியாக எட்டிப் பார்ப்பார். ஓம் கல்யாணமாகாதவன் என்று பொய் சொல்லி அந்த வேலையை வாங்கியிருப்பதால், மனைவி ஜெயா அந்தக் கருவி முன்னால் அவன் தங்கையாக நடிக்க வேண்டும்.

இது குயர் கதை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால், வாடகை வீடு கேட்டுப் போகும்போது காதலியை 'கசின் சிஸ்டர்' என்று சொல்லியிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

ஸ்ரீரங்கத்துக்காரர் அப்பவே எழுதினாரே?

ஆமாம், திருச்சிக்காரர்களிடம் டிஸ்டோபியா பற்றிப் பேசினால் முதலில் வரும் பெயர் சுஜாதாதான். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பிறகு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், இரண்டெழுத்தில் பெயர், குழந்தை பெற அரசு அனுமதி, மேலே ஜீவா என்ற சர்வாதிகாரி. ஜீனோ என்ற இயந்திர நாயால் அந்தக் கதையை நாம் செல்லமாக நினைவு வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் நாடு படுபயங்கரம்.

எண் வந்துவிட்டது, ஆதார் என்கிறோம். அந்த அளவுக்கு சுஜாதா கணித்தது சரி. ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நாவலில் அரசு தொட முயல்வது கணவன்-மனைவி வாழும் வீட்டை. வீடு நல்லது, வெளியே இருக்கும் அரசு கெட்டது. பெரும்பாலான டிஸ்டோபியா கதைகளின் கணக்கு இதுதான். பால்புதுமையினர் எழுதும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. அவர்களுக்கு முதல் கண்காணிப்பு கேமரா வீட்டுக்குள்தான் இருக்கிறது: யாரிடம் சிரித்துப் பேசினாய், பாத்ரூமில் ஏன் போன், அந்தப் பெண் ஏன் தினமும் வருகிறாள். அரசு என்பது வீடு கூப்பிட்டால் வரும் அடுத்த படி.

சுஜாதாவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்குக் கண்ணில் படாத ஓர் இடம், அவ்வளவுதான்.

2021-இல் நீதிமன்றத்துக்கு வந்த கதை

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள். காதலித்தார்கள், வீட்டில் எதிர்ப்பு, சென்னைக்கு வந்தார்கள். இரண்டு வீட்டாரும் புகார் கொடுத்தார்கள். 'பெண் காணவில்லை' என்று இரண்டு எஃப்.ஐ.ஆர். பதிவானது. தங்கியிருந்த இடத்துக்கே போலீஸ் வந்து விசாரித்தது. பாதுகாப்புக் கேட்டு இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

'எஸ். சுஷ்மா எதிர் காவல் ஆணையர்' என்று அறியப்படும் அந்த வழக்கில், 2021 ஜூன் 7-ஆம் தேதி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. தனக்கு இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு உத்தரவு எழுதிய நீதிபதி என்பதால் ஊடகங்கள் அதைத்தான் தலைப்பாக்கின. எனக்கு மனதில் நின்றது அதில் வரும் பெற்றோர் பகுதி. இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட, மகள் கடைசிவரை துணையே இல்லாமல் இருந்தால்கூட அது கௌரவம் என்பதே அவர்கள் நிலை. கொடூரமானவர்கள் இல்லை, ஊர் என்ன சொல்லுமோ என்று நிஜமாகவே பயந்தவர்கள். ஊரின் கண் அவர்கள் மேல், அவர்கள் கண் மகள் மேல்.

அந்த உத்தரவின் நடைமுறைப் பகுதி எளிமையானது. காணவில்லை என்று புகார் வந்து, விசாரணையில் அவர்கள் மேஜர், சம்மதத்தோடு சேர்ந்து வாழும் பால்புதுமையினர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிவிட்டுப் புகாரை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளுக்கும் தடை விதிக்கப்பட்டது. இந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்ந்தது: பால்புதுமையினரையோ, அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ காவலர்கள் துன்புறுத்தக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், ஊடகங்கள் கண்ணியமாக எழுத உதவும் தமிழ்ச் சொற்களின் பட்டியலும் அரசிதழில் வந்தது.

24-சி-யின் விளக்கத்தில் ஒரு வரி உண்டு. சட்டப்படியான விசாரணை துன்புறுத்தல் ஆகாது என்பது அதன் பொருள். நியாயமான வரிதான். ஆனால், மிஸ்ஸிங் புகாரில் வீட்டுக்கு வருவதும் 'சட்டப்படியான விசாரணை' என்றுதானே தொடங்குகிறது?

தீர்ப்பு வந்தாச்சே, அப்புறம் என்ன?

நான்கு வருடம் கழித்து, 2025 மே 22. அதே உயர் நீதிமன்றம், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு. தன் துணையை அவருடைய பெற்றோர் பிடித்து வைத்திருப்பதாக ஒரு பெண் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். நீதிபதிகள் கேட்டபோது, 25 வயதான அந்தப் பெண், தன்னை வீட்டில் அடித்ததாகவும், 'நார்மல்' ஆக்குவதற்காகச் சடங்குகள் செய்யவைத்ததாகவும் சொன்னார். அவரைப் பெற்றோரோடு போகச் சொல்லி அனுப்பியதில் போலீஸுக்கும் பங்கு இருந்தது. முன்பே கொடுத்த புகார்களுக்குக் காவல்துறை அசையவில்லை என்பதை அமர்வு கடுமையாகக் கண்டித்தது. அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம், குடும்பம் தடுக்கக் கூடாது, தேவைப்பட்டால் பாதுகாப்புக் கொடுங்கள் என்று உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு முக்கியமான விஷயம், 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தன்பாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-இல் அங்கீகாரம் தரவில்லை. ஆனால், கல்யாணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லையே என்றது சென்னை அமர்வு.

சரி, சட்டம் நம் பக்கம்தான் என்று நிம்மதியாகலாமா? சட்டம் எங்கே இருக்கிறது, புகார் எங்கே எழுதப்படுகிறது என்பதுதான் பிரச்னை. முதலாவது உயர் நீதிமன்றத்தில். இரண்டாவது ராத்திரி ஒன்பது மணிக்கு, அழுதுகொண்டிருக்கும் அம்மாவின் முன்னால், ஒரு ரைட்டர் மேஜையில். சாதி மாறிக் காதலித்த ஜோடிகளைத் தேட இதே 'பொண்ணைக் காணோம்' புகார்தான் காலங்காலமாகப் பயன்படுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கருவி பழசு. பயன்படுத்தும் இடம் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆட்கொணர்வு வழக்குகளில் கீழ் நீதிமன்றங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2024 மார்ச்சில் 'தேவு ஜி. நாயர் எதிர் கேரள அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 'கவுன்சலிங்' என்ற பெயரில் ஒருவரின் அடையாளத்தை மாற்ற முயலக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. இப்படி எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

பெயரைப் பதிவு செய்தால் நல்லதா கெட்டதா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

பதிவேடு என்றாலே திருநர் சமூகத்தில் பழைய பயம் ஒன்று உண்டு. 1871-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் இரண்டாம் பகுதி முழுக்க அவர்களைப் பற்றியது. வட இந்தியப் பகுதிகளில், சந்தேகத்துக்குரியவர்கள் என்று கருதியவர்களின் பெயர், முகவரி, சொத்து எல்லாம் பதிவேட்டில் ஏறியது. பதிவானவர் பொது இடத்தில் பெண் உடையில் தெரிந்தாலே வாரண்ட் இல்லாமல் கைது, இரண்டு வருடம்வரை சிறை. உயில் எழுத முடியாது, தத்தெடுக்க முடியாது. ஆர்வெல்லுக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இது அமலில் இருந்தது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியும் 1919 வாக்கில் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது எப்போது தெரியுமா? 2023 ஜூலையில்.

தமிழ்நாட்டில் பதிவேடு வேறு முகத்தோடு வந்தது. 2008-இல் இந்தியாவிலேயே முதலாக இங்கே நல வாரியம் அமைந்தது. அடையாள அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு மனை, உதவித்தொகை என்று நிஜமான பலன் அதிலிருந்து வந்தது. பெயர் எழுதிக்கொடுத்தால் கைது என்ற இடத்திலிருந்து, பெயர் எழுதிக்கொடுத்தால் அரிசி என்ற இடத்துக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. 2019-இல் மத்திய அரசு இயற்றிய திருநர் சட்டமும் அதன் 2020 விதிகளும் மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெறும் முறையைக் கொண்டுவந்தன. தனி இணையதளமும் வந்தது. என் பாலினம் எது என்று நானே சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் 'நால்சா' தீர்ப்பில் சொல்லியிருந்தது. அதற்கு ஓர் அலுவலகத்தின் முத்திரை எதற்கு என்பது அன்றிலிருந்து சமூகத்தில் இருக்கும் கேள்வி.

எண்ணப்பட்டால்தான் கிடைக்கும், எண்ணப்பட்டால் தெரிந்துவிடும். இந்த இக்கட்டு திருநர்களோடு நிற்கவில்லை. 2024-இல் மத்திய அரசு இரண்டு தெளிவுரைகள் கொடுத்தது. பால்புதுமையினர் துணையோடு கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை. ரேஷன் கார்டுக்கு இருவரையும் ஒரே குடும்பமாகக் கருதலாம். நல்லது. ஆனால், கே.கே. நகர் ரேஷன் கடையில் போய் இதைச் சொல்லப்போவது யார்? பின்னால் வரிசையில் நிற்பது அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர். சென்னையில் வீடு, சம்பளக் கணக்கு, ஆன்லைன் பேங்கிங் இருப்பவருக்கு இந்தச் சுற்றறிக்கை பயன்படும். அரிசி வாங்க வரிசையில் நிற்பவருக்கு இது காகிதம்.

கேமராவுக்குத் தெரியாத முகம்

தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. கொல்கத்தா சி-டாக் உருவாக்கியது. ரோந்தில் இருக்கும் காவலர் யாரையாவது போனில் படம் எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் குற்றப் பதிவுகளின் படங்களோடு அது ஒப்பிட்டுச் சொல்லும். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பறிபோனதாகக் காவல்துறையே சொன்னது. முகத்தை ஒரு முறை திருட்டுக் கொடுத்தால் பாஸ்வேர்ட் மாதிரி மாற்ற முடியாது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பம் எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்கும் என்ற நம்பிக்கையும் தவறு. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வணிக முகப் பகுப்பாய்வுச் சேவைகளைச் சோதித்தார்கள். பிறப்பில் குறித்த பாலினத்திலேயே வாழும் பெண்களை 98 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்ன அதே மென்பொருள்கள், திருநம்பிகளை 38 சதவீத முறை பெண் என்று தவறாகச் சொன்னன. ஆண்-பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களை? நூற்றுக்கு நூறு தவறு. அந்த மென்பொருளில் அப்படி ஒரு பெட்டியே இல்லை. இவை பாலினத்தை ஊகிக்கும் மென்பொருள்கள். போலீஸ் பயன்படுத்துவது ஆளை ஒப்பிடுவது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால், பழைய படத்தில் ஒரு மாதிரியும் இப்போது வேறு மாதிரியும் இருக்கும் ஒருவருக்கு எந்த ஒப்பீடும் வில்லங்கம்தான்.

இதில் யார் மாட்டுவார்கள் என்பது வசதியைப் பொறுத்தது. தெருவில் கடை கேட்கும் திருநங்கை ஒரு நாளில் எத்தனை கேமரா முன்னால் நிற்கிறார், எத்தனை ரோந்து வண்டி அவரை நிறுத்துகிறது? சென்னையில் 2006-இல் திருட்டுச் சந்தேகத்தில் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்ட திருநர் ஒருவர் சித்திரவதை தாங்காமல் தீக்குளித்து இறந்தார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே எந்த மென்பொருளும் இல்லை. சந்தேகம் முதலில் யார் மேல் விழும் என்ற பழக்கம்தான் இருந்தது. மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் படங்கள் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை.

போனுக்குள் இருக்கும் ஆபத்து

கையில் போன் இருப்பது விடுதலை என்றுதான் நாம் நினைத்தோம். ஒரு பக்கம் உண்மையும்கூட. சிறு ஊரில் தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. ஆனால், கிரைண்டர் செயலி பயனர்களின் எச்.ஐ.வி. நிலையை வெளி நிறுவனங்களோடு பகிர்ந்தது 2018-இல் வெளிவந்தது. சம்மதம் இல்லாமல் தரவு பகிர்ந்ததற்காக 2021-இல் நார்வே அந்த நிறுவனத்துக்கு 6.5 கோடி குரோனர் அபராதம் போட்டது.

நம்மூர்ப் பிரச்னை இன்னும் நேரடியானது. செயலியில் பழகி, வரவழைத்து, அடித்து, வீடியோ எடுத்து, 'வீட்டுக்கு அனுப்பிடுவேன்' என்று பணம் பறிக்கிறார்கள். பறிகொடுத்தவர் புகார் கொடுக்கத் தயங்குவார் என்பதுதான் இதன் முதலீடே. இன்னொரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் 377-ஆவது பிரிவிலிருந்து சம்மத உறவை விலக்கியபோது, சம்மதமில்லாத வன்முறைக்கு அந்தப் பிரிவு தொடர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அடித்ததற்கும் பறித்ததற்கும் வழக்குப் போடலாம். ஓர் ஆண் மீது நடந்த பாலியல் வன்முறையை அதன் பெயரிலேயே பதிவுசெய்யப் பிரிவு இல்லை.

தனிமை யாருக்குக் கட்டுப்படியாகிறது?

ஓ.எம்.ஆரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் எடுத்து 'ஃப்ளாட்மேட்ஸ்' என்று வாழும் இருவரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்டில் செக்யூரிட்டியின் செயலியில் வந்தவர், போனவர் நேரம் எல்லாம் பதிவாகும் என்பது வேறு விஷயம். அந்தத் தரவு எங்கே போகிறது என்று அசோசியேஷன் மீட்டிங்கில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. திருச்சியில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருப்பவருக்குக் கீழே ஓனர் வீடு. மகளிர் விடுதியில் வார்டன் கையில் அப்பா நம்பர். கூட்டுக் குடும்பத்தில் தனி அறையே கிடையாது. தனக்கென்று பயன்படுத்த ஒரு மொபைல் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. மீதிப் பேருக்கு ரகசியம் என்ற பேச்சே போனை யாரிடம் கேட்டு வாங்குவது என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை, பாலீர்ப்பு அதன் மையத்தில் இருக்கிறது என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஆனால், அதற்குப் பிறகு வந்த 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2011-இல் இருந்த பழைய தகவல் தொழில்நுட்ப விதிகளில், பாலீர்ப்பு 'உணர்திறன் மிக்க தரவு' என்று தனியாகப் பட்டியலில் இருந்தது. புதிய சட்டத்தில் அப்படிப்பட்ட தனி வகையே இல்லை. உங்கள் பீட்சா முகவரியும் பாலீர்ப்பும் ஒரே தட்டில். மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம்.

மாநிலத்தில், 2025 ஜூலை கடைசியில் திருநர்களுக்கான மாநிலக் கொள்கை வெளியானது. நீண்ட நாள் கேட்டது, வந்தது. பெயரே சொல்வதுபோல அது திருநர்களுக்கானது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த அந்த இரண்டு பெண்களைப் போன்றவர்கள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்?

உங்களுக்கோ, நண்பருக்கோ வரலாம் என்பதால் சுருக்கமாக. காணவில்லை புகாரில் கூப்பிட்டால் ஓடி ஒளிவதைவிட, மேஜர் என்பதற்கான ஆதாரத்தோடு, கூடுமானால் வழக்கறிஞரோடு போய், 'என் விருப்பத்தில்தான் வந்தேன்' என்று வாக்குமூலம் கொடுப்பதே பாதுகாப்பு. போகும் முன்பே அதை எழுதி, சொந்த ஊர் ஸ்டேஷனுக்கும் இப்போது இருக்கும் இடத்து ஸ்டேஷனுக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். 'பெற்றோரோடு ஒரு நாள் போய்ட்டு வாம்மா' என்று சொன்னால், மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2025 வழக்கில் அந்தப் பெண் பெற்றோரோடு அனுப்பப்பட்ட பிறகுதான் அடைத்து வைக்கப்பட்டார். சுஷ்மா வழக்கின் 2021 ஜூன் 7 உத்தரவு, நடத்தை விதி 24-சி, தேவு ஜி. நாயர் வழிகாட்டுதல் மூன்றையும் போனில் பிடிஎஃப்-ஆக வைத்திருங்கள். ஸ்டேஷனில் எல்லோரும் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வழக்கறிஞருக்குக் காசு இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும், வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு வழியாக வழக்கறிஞர் கிடைப்பார்.